மூன்று வாரத்து டீச்சர்

(பதுளையில் தோட்டப்புறப் பாடசாலை ஆசிரியர்களும் பெற்றோரும் வெளிநாடுகளில் வாழும் பழைய மாணவர்களும் கூடியிருந்த அவையில், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் எனக்குப் போட்டிருக்கிற தலைப்பு 'வெளிநாட்டுத் தொண்டர்களும் நமது பாடசாலைகளும்'. தொண்டர்களைப் பாராட்டி இரண்டு வார்த்தை, நன்றி சொல்லி ஒரு வார்த்தை, பிறகு தேநீர் என்று ஏற்பாட்டாளர்கள் எதிர்பார்த்திருக்கலாம். பாராட்டும் வரும். கொஞ்சம் தாமதமாக வரும்.

நாட்காட்டியிலிருந்து தொடங்குகிறேன். ஐரோப்பாவில் கோடை விடுமுறை ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில். பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள் தொண்டு செய்யவென்று பெட்டி கட்டுவது அப்போதுதான். ஊவாவுக்கும் அது நல்ல பருவம். மழை ஓய்ந்து வறண்ட காற்று மலைமேல் அடிக்கும். ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் பேர் வாங்கித் தருகிற மணம் கொழுந்தில் ஏறுவது அந்த மாதங்களில்தான். வருகிறவர்கள் கண்டியிலிருந்து ரயிலேறி எல்லயில் இறங்குகிறார்கள். 1921இல் கட்டி முடித்த ஒன்பது வளைவுப் பாலத்தில் நின்று படம் எடுக்கிறார்கள். மறுநாள் தோட்டத்துக்கு வருகிறார்கள். வந்து பார்த்தால் பாடசாலை பூட்டிக் கிடக்கிறது. நமது வழமையான தவணைக் கணக்குப்படி ஆகஸ்ட்டில் இரண்டாம் தவணை விடுமுறை!

அதற்காகத் திரும்பிப் போக முடியுமா? டிக்கெட் எடுத்தாயிற்று, பணம் கட்டியாயிற்று. ஏற்பாடு செய்தவர் கோயில் மடத்திலோ, கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவிலோ முப்பது பிள்ளைகளைக் கூட்டி உட்கார வைத்து 'ஆங்கில முகாம்' என்று பதாகை கட்டுகிறார். பிள்ளைகளுக்கும் லயத்து வரிசை வீட்டில் சும்மா கிடப்பதைவிட இது மேல். எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்தத் தொண்டின் தேதியைத் தீர்மானித்தது வருகிறவருடைய விடுமுறை. இங்கே எந்த வகுப்பு எந்தப் பாடத்தில் எந்த இடத்தில் தடுமாறி நிற்கிறது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் தவணை நடக்கிற பெப்ரவரியில் வந்திருப்பார்.

வெளியார் நமக்குப் பாடம் சொல்ல வருவது நேற்று தொடங்கிய கதை இல்லை. கடல் கடந்து இந்த மலைக்கு முதலில் வந்த வாத்திமார் எல்லோரும் வெள்ளைக்காரர்கள் என்று நம்மில் பலர் நினைத்திருக்கிறோம். பாதிதான் சரி. 1854இல் சர்ச் மிஷன் சபையார் கோப்பித் தோட்டங்களுக்கென்று 'தமிழ்க் கூலி மிஷன்' என்றொரு ஊழியத்தைத் தொடங்கினார்கள். பேரைக் கேட்டு முகம் சுளிக்காதீர்கள். அந்தக் காலத்து ஏட்டில் நம் பாட்டன்மாருக்கு அதுதான் பேர். ஊழியம் செய்யத் தமிழ் தெரிந்த ஆள் வேண்டும். அதற்காகத் திருநெல்வேலியிலிருந்து உபதேசிமாரைக் கூட்டி வந்தார்கள். அவர்கள் வந்தது மதத்துக்காக. அதை அவர்களும் மறைக்கவில்லை. ஆனால் வேதம் வாசிக்க எழுத்துத் தெரிய வேண்டுமே. அப்படித்தான் அ, ஆ லயத்துக்குள் வந்தது. அவர்களைப் பற்றி எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. கற்பிக்கிறவருக்கும் கற்கிறவருக்கும் தாய்மொழி ஒன்று. பிள்ளை அழுதால் ஏன் அழுகிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள அவர்களால் முடிந்தது.

பிறகு சட்டங்கள் வந்தன. 1907இல் கிராமப் பாடசாலைச் சட்டம், 1920இல் கல்விச் சட்டம். தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் எழுத்தறிவிப்பது தோட்ட நிர்வாகத்தின் கடமை என்றாகியது. கடமையைத் தோட்டத்தை நடத்திய துரைமார் எப்படி நிறைவேற்றினார்கள் என்பதை உங்கள் தாத்தாமாரிடம் கேளுங்கள். ஒரு மடுவக் கொட்டகை, ஒரு வாத்தியார், ஐந்து வகுப்பு. வாத்தியாருக்குச் சம்பளம் தோட்டம் கொடுக்கும். ஆகவே பாடம் சொல்லும் நேரம் போகத் தோட்டத்து எழுத்து வேலையும் அவர் தலையில். பிள்ளைக்குக் கை எட்டியதும் கொழுந்துக்கோ புல்லு வெட்டுக்கோ பேர் போட்டுவிடுவார்கள். நான் படித்த பள்ளிக்கூடமும் இதே கதைதான். நாங்கள் இரண்டாம் வகுப்புப் பாட்டைப் பாடும்போது முதுகுக்குப் பின்னால் நாலாம் வகுப்பு வாய்பாடு சொல்லும். இன்றைக்கும் ஏழாம் வாய்பாடு எனக்கு இராகத்தோடுதான் வரும்.

1945இல் நாட்டில் இலவசக் கல்வி வந்தது. அதைக் கொண்டுவந்த கன்னங்கராவை நாடு கொண்டாடுகிறது, கொண்டாட வேண்டியவர்தான். ஆனால் தோட்டப் பாடசாலைகள் அந்த வட்டத்துக்கு வெளியே நின்றுவிட்டன. மூன்று வருடத்தில், 1948இல், நம்மவரின் குடியுரிமையும் பறிபோயிற்று. வாக்கில்லாதவன் பிள்ளையின் பள்ளிக்கூடத்தைப் பற்றி யார் கவலைப்படுவார்கள்? அரசாங்கம் தோட்டப் பாடசாலைகளைப் பொறுப்பேற்கத் தொடங்கியது 1977 முதல். அதுவும் கட்டம் கட்டமாக. நாட்டின் மற்றப் பிள்ளைகளுக்கு முப்பது வருடம் முன்னால் திறந்த கதவு நமக்கு அப்போதுதான் திறந்தது. இந்த முப்பது வருடப் பள்ளத்தை மூன்று வாரத்தில் நிரப்பலாம் என்று நம்பிக்கொண்டுதான் சிலர் விமானம் ஏறுகிறார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. அவர்களுக்கு இந்தக் கதையை யாரும் சொல்லவில்லை.

இடையில் ஒரு வெள்ளைக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிரேஸ்கேர்டில். ஊவாக்காரர் இல்லை, மடுல்கலைப் பக்கம் ரெலுகாஸ் தோட்டத்தில் துரை வேலை பழக 1936இல் வந்த இளைஞர். லண்டனில் பிறந்து அவுஸ்திரேலியாவில் வாழ்ந்தவர். வந்த இடத்தில் லயத்தையும் அங்கே பிள்ளைகள் கிடக்கிற நிலையையும் பார்த்தார். துரைமார் பக்கம் நிற்காமல் தொழிலாளர் பக்கம் பேசினார். வேலை போயிற்று. இடதுசாரிச் சமசமாஜக் கட்சி மேடையில் ஏறினார். 1937 ஏப்ரலில் ஆளுநர் ஸ்டப்ஸ் அவரை நாடு கடத்த உத்தரவிட்டார். வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், அந்த உத்தரவு செல்லாது என்று தீர்ப்பாயிற்று. இதை ஏன் இங்கே சொல்கிறேன்? இன்றைக்கு லயத்துக்கு வந்து பிள்ளைகளோடு பாட்டுப் பாடுகிற வெளிநாட்டுப் பெண்ணை யாரும் தடுப்பதில்லை. நிர்வாகம் வரவேற்கிறது, பங்களாவில் தேநீர் கூடக் கொடுக்கிறது. அதே பெண், 'இந்தப் பாடசாலைக்கு ஏன் நாலு வருடமாகக் கணித ஆசிரியர் இல்லை?' என்று வலயக் கல்விப் பணிமனைக்குக் கடிதம் எழுதட்டும். எத்தனை கதவு மூடுகிறது என்று அப்போது பார்க்கலாம். யாருக்கும் தொந்தரவு தராத உதவிக்குத்தான் இந்த மலையில் எப்போதும் வழிவிட்டிருக்கிறார்கள்.

ஒழுங்கமைந்த தொண்டு என்பது 1958க்குப் பிறகு வந்தது. அந்த ஆண்டில் பிரிட்டனில் அலெக் டிக்சன் தம்பதியர் வெளிநாடுகளுக்குத் தொண்டர்களை அனுப்பும் வீ.எஸ்.ஓ. அமைப்பைத் தொடங்கினார்கள். 1961இல் அமெரிக்காவில் கென்னடி பீஸ் கோர் எனப்படும் சமாதானப் படையை அமைத்தார்; அடுத்த வருடமே அதன் முதல் தொகுதி இலங்கைக்கு வந்துவிட்டது. இடையிடையே நின்றும் தொடர்ந்தும் 1998 வரை வந்தார்கள். இருபது வருட இடைவெளிக்குப் பிறகு 2018இல் மறுபடி வந்தார்கள்; இந்த முறை ஊவா மாகாணமும் பட்டியலில் இருந்தது. இவர்களை நான் மூன்று வாரக்காரரோடு சேர்க்க மாட்டேன். இவர்களுக்கு இரண்டு வருடப் பணி. உள்ளூர் மொழி கற்றுக்கொண்டுதான் வகுப்புக்குள் நுழைகிறார்கள். அரசாங்கப் பாடசாலையில், அரசாங்க ஆங்கில ஆசிரியரோடு சேர்ந்து கற்பிக்கிறார்கள். ஆனாலும் 2020 மார்ச்சில் கொவிட் வந்தபோது உலகெங்கும் இருந்த பீஸ் கோர் ஆட்கள் அத்தனை பேரையும் அமெரிக்கா ஒரேயடியாகத் திருப்பி அழைத்துக்கொண்டது. போனவர்கள் விரும்பிப் போகவில்லை. ஆனால் போய்விட்டார்கள்.

நின்றவர்கள் யார்? பாடசாலைகள் மூடி, பாடம் கைத்தொலைபேசிக்குள் போன காலம் அது. நமது ஊவாவில் போகிட்டியாவ என்றொரு கிராமம், சிங்களப் பிள்ளைகள். சிக்னல் கிடைக்காமல் காட்டுக்குள் மேடேறிப் பாறையிலும் மரத்திலும் உட்கார்ந்து அந்தப் பிள்ளைகள் படித்த படம் 2021இல் உலகப் பத்திரிகைகளில் வந்தது. பலர் கவனிக்கத் தவறியது, அந்தப் பிள்ளைகளோடு அவர்களின் ஆசிரியையும் மேடேறினார் என்பது. நம் தோட்டங்களிலும் அப்படி ஏறியவர்கள் இந்த அவையில் இருக்கிறீர்கள். உங்களைப் படமெடுக்க யாரும் வரவில்லை.

சரி, மூன்று வாரத்துக்கு வருவோம். இப்போது பெருகியிருப்பது இந்த வகைதான். தொண்டு செய்ய வருகிறவர் ஒரு கம்பனிக்குப் பணம் கட்டி வருகிறார். பல இடங்களில் அவர் ஒரு வாரத்துக்குக் கட்டுகிற தொகை, ஒரு கொழுந்துப் பெண்ணின் மாதச் சம்பளத்துக்கு மேல். 2024இல் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா என்று வர்த்தமானியில் வந்ததே, அதை வைத்து நீங்களே கணக்குப் பாருங்கள். அந்தப் பணத்தில் பாடசாலைக்கு வந்து சேர்வது எவ்வளவு என்று அதிபர்கள் கேட்டுப் பழக வேண்டும். கேட்பதில் வெட்கம் ஒன்றுமில்லை.

வகுப்பில் நடப்பது என்ன? முதல் நாள் பெயர் சொல்லல். இரண்டாம் நாள் நிறங்கள். மூன்றாம் நாள் உடலுறுப்புகளின் பாட்டு. மூன்றாம் வாரம் ஒரு கலை நிகழ்ச்சி, கண்ணீர், பிரியாவிடை. அடுத்த மாதம் வேறொருவர் வருகிறார். அவரும் பெயரிலிருந்து தொடங்கி நிறத்துக்குப் போகிறார். தரம் நாலில் இருக்கிற ஒரு பிள்ளை ஒரே ஆண்டில் அதே பாட்டை நாலு நாட்டு உச்சரிப்பில் கற்றுக்கொள்கிறது. பாடப் புத்தகம் அலமாரியில் இருக்கிறது. முன்னவர் எங்கே விட்டார் என்று பின்னவர் பார்க்க ஒரு குறிப்பேடு கூடக் கிடையாது.

நல்லதே இல்லையா என்றால், இருக்கிறது. பாராட்டு வரும் என்று சொன்னேனே, இதோ. துரையைக் கண்டால் நம் தாத்தாமார் தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்தவர்கள். பேத்தி ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, வழுக்கும் என்று எச்சரித்துக்கொண்டு, குறுக்குப் பாதையில் இறங்குகிறாள். இந்தக் கூச்சம் தெளிவது சின்னக் காரியம் இல்லை. எந்தப் பாடத் திட்டத்தாலும் கொடுக்க முடியாதது. ஆங்கிலம் என்பது பரீட்சைத் தாளில் மட்டும் இருக்கிற பூதம் என்று நினைத்த பிள்ளைக்கு, அதைப் பேசித் தண்ணீர் கேட்கலாம், சிரிக்கலாம் என்று தெரிகிறது. இதற்கு நான் மனமார நன்றி சொல்கிறேன்.

ஆனால் பிரியாவிடைக் கண்ணீர் இருக்கிறதே, அது எனக்குக் கவலை தருகிறது. நமது வகுப்புகளில் எத்தனை பிள்ளைகளின் அம்மா குவைத்திலும் சவூதியிலும் இருக்கிறார் என்று ஆசிரியர்களுக்குத் தெரியும். அம்மா அங்கே வேறொரு வீட்டுப் பிள்ளையைக் குளிப்பாட்டிச் சோறூட்டிக்கொண்டிருக்கிறார். இங்கே இந்தப் பிள்ளை அம்மம்மாவோடு. அப்படிப்பட்ட பிள்ளையின் தலையைத் தடவி, மடியில் வைத்து, மூன்று வாரம் அன்பைக் கொட்டிவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை மறைந்துபோவதை அன்பு என்று எழுதிக்கொள்ளலாம். திங்கட்கிழமை அந்தப் பிள்ளை மேசையில் தலை வைத்துக் கிடப்பதைப் பார்ப்பவர் வகுப்பாசிரியை. இந்த அன்பு வியாபாரமானால் எதுவரை போகும் தெரியுமா? கம்போடியாவிலும் நேபாளத்திலும் வெளிநாட்டார் பார்க்க வருகிறார்கள் என்பதற்காகவே அனாதை இல்லங்கள் முளைத்து, தாய் தகப்பன் உள்ள பிள்ளைகளைக் கொண்டுபோய் அதில் சேர்த்த கொடுமை நடந்தது. அவுஸ்திரேலியப் பாராளுமன்றம் 2018இல் நவீன அடிமைத்தனத்துக்கு எதிரான சட்டத்தை நிறைவேற்றியபோது இந்த அனாதை இல்ல வியாபாரமும் அங்கே பேசுபொருளாயிற்று. நம் தோட்டங்களில் அந்த நிலை இல்லை. வராமல் பார்த்துக்கொள்வது நம் வேலை.

இவான் இல்லிச் என்றொரு கத்தோலிக்கக் குருவானவர் இருந்தார். 1968 ஏப்ரலில் மெக்சிகோவின் குவெர்னவாக்கா நகரில், கோடையில் கிராமங்களுக்குத் தொண்டு செய்யப் புறப்பட இருந்த அமெரிக்க மாணவர்கள் முன்னால் அவரைப் பேசக் கூப்பிட்டார்கள். அவர்களை வாழ்த்தி அனுப்புவார் என்று பார்த்தால், தயவுசெய்து உதவி செய்ய வராதீர்கள் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். சுற்றிப் பாருங்கள், கற்றுக்கொள்ளுங்கள், உதவ மட்டும் வர வேண்டாம் என்பது அவர் பேச்சின் சாரம். யாருக்கு உதவப் போகிறீர்களோ அவர்களோடு பேசக்கூட உங்களுக்கு மொழி கிடையாதே என்பது அவர் வாதத்தில் ஒன்று. படித்துப் பல நாள் எனக்கு அது சரியென்றே பட்டது. இப்போது முழுக்கச் சரியென்று சொல்ல மாட்டேன். இல்லிச் நமது அதிபர்களின் நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. சாதாரண தரப் பரீட்சைக்கு ஒன்பது மாதம் இருக்கும்போது விஞ்ஞான ஆசிரியை இடமாற்றம் வாங்கிப் போய்விட்டால், மொழி தெரியாத ஆளாவது கிடைக்காதா என்று ஏங்குகிற நிலை அவருக்குத் தெரிந்திருக்காது.

நமது குறை எங்கே என்று பார்ப்போம். இலங்கைப் பாடசாலைகளை வகை பிரித்திருக்கிறார்கள். ஐந்தாம் தரம் வரை உள்ளது வகை 3. பதினொன்று வரை உள்ளது வகை 2. உயர்தரத்தில் கலையும் வர்த்தகமும் மட்டும் உள்ளது 1சி. விஞ்ஞானமும் கணிதமும் உள்ளது 1ஏபி. தோட்டத்துப் பாடசாலைகளில் பெரும்பாலானவை வகை 3, அடுத்தபடி வகை 2. மடுல்சீமைப் பக்கத்து மேல் டிவிஷனில் ஒரு பிள்ளை வைத்தியராக வேண்டும் என்று நினைத்தால், முதலில் ஐந்தாம் தரத்தோடு ஒரு பாடசாலை, பதினொன்றோடு ஒரு பாடசாலை என்று மாறி, பிறகு பசறைக்கோ பதுளைக்கோ பண்டாரவளைக்கோ இறங்க வேண்டும். பஸ் வராத நாளில் நடை. அட்டைக்கடி வேறு. இத்தனையும் தாண்டி உயர்தரத்துக்கு வந்தால் தமிழ் மொழியில் பௌதிகவியல் கற்பிக்க ஆளிருக்கிறாரா என்பது அதிர்ஷ்டம். அப்படியிருக்கும்போது ஆங்கிலப் பாட்டுக்கு வரிசையில் நிற்கிறார்கள் தொண்டர்கள். கணிதப் பாடத்து இணைகரத்துக்கு ஒருவரும் இல்லை. பாட்டுச் சொல்லிக் கொடுக்கப் பயிற்சி வேண்டாமே.

ஆசிரியர் ஏன் நிற்பதில்லை? குறை சொல்வது சுலபம். 2015இல் மலையகப் பாடசாலைகளுக்குச் சுமார் 3,000 ஆசிரிய உதவியாளர்களை நியமித்தார்கள். நம் தோட்டத்துப் பிள்ளைகள், உயர்தரம் சித்தியடைந்தவர்கள். மாதக் கொடுப்பனவு எவ்வளவு தெரியுமா? 6,000 ரூபா. பிறகு 10,000 ஆக்கினார்கள். அந்தக் காசில் பஸ் கட்டணம் போக மிச்சத்தில் ஓர் இளைஞன் என்ன சாப்பிட்டான், எப்படிப் பயிற்சிக் கல்லூரிக்குப் போய் வந்தான் என்று இந்தக் கூட்டத்தில் இருக்கிற அந்தத் தொகுதிக்காரர்கள் சொல்வார்கள். தொண்டர் என்ற பட்டம் கொடுப்பதானால் நான் முதலில் இவர்களுக்குத்தான் கொடுப்பேன். ஒருவர் பணம் கட்டித் தொண்டு செய்கிறார். இவர்கள் பட்டினி கிடந்து செய்தார்கள்.

நம் ஆசிரியர்களின் தொண்டுக்கு இன்னொரு சாட்சி சொல்கிறேன். 2014 அக்டோபர் 29. கொஸ்லந்தை, மீரியபெத்தைத் தோட்டம். காலை ஏழரை மணியளவில் மலை சரிந்து லயங்கள் புதைந்தன. பல பிள்ளைகள் அதற்குள் பாடசாலைக்குப் புறப்பட்டுப் போய்விட்டதால் உயிர் தப்பினார்கள். பாடசாலையில் இருந்தபடியே வீடில்லாமல், சிலர் தாய் தகப்பன் இல்லாமல் ஆனார்கள். அந்த வாரமே பூனாகலையிலும் கொஸ்லந்தையிலும் இருந்த தமிழ்ப் பாடசாலைகள் அகதி முகாம்களாகின. பிறகு சனங்களைப் பழைய தேயிலைத் தொழிற்சாலை ஒன்றுக்கு மாற்றினார்கள். புது வீடு கிடைக்கும்வரை ஏறக்குறைய இரண்டு வருடம் அங்கே வாழ்ந்தார்கள். கொழும்பிலிருந்தும் வடக்கிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் உதவி லொறி லொறியாக வந்தது. நல்ல மனங்கள், மறக்க மாட்டோம். உடுப்பு வந்தது, கொப்பி வந்தது, புத்தகப் பை வந்தது. கமராவும் வந்தது. அம்மாவை மண்ணில் கொடுத்த பிள்ளையிடம் ஒலிவாங்கியை நீட்டி எப்படி உணர்கிறாய் என்று கேட்டதை நாம் தொலைக்காட்சியில் பார்த்தோம். முதலாவது மாதத்துக்குப் பிறகு லொறி குறைந்தது. அந்தப் பிள்ளைகளைத் தொடர்ந்து தரம் ஏற்றி, பரீட்சைக்கு உட்கார வைத்து, மழை கறுத்தால் மிரளுகிற பிள்ளையைப் பக்கத்தில் இருத்திப் பாடம் சொன்னவர்கள் அதே பாடசாலை ஆசிரியர்கள். அவர்களில் சிலர் உறவினரைப் பறிகொடுத்தவர்களாகவும் இருந்திருப்பார்கள். மனநல ஆலோசனைப் பயிற்சி அவர்களுக்கு அல்லவா முதலில் வந்திருக்க வேண்டும்?

இப்போது நான் சொல்ல வந்த இடத்துக்கு வந்துவிட்டேன். வெளியிலிருந்து வருகிறவர் பிள்ளைக்கு முன்னால் நிற்க ஆசைப்படுகிறார். அவரை ஆசிரியருக்குப் பக்கத்தில் உட்கார வைக்க வேண்டும். நான் கேட்பது அவ்வளவுதான்.

இது வெறும் ஆசையில்லை, நடந்து காட்டியிருக்கிறது. 1980களில் சுவீடனின் உதவி நிறுவனமான சீடா தோட்டப் பாடசாலைகளுக்கென்று ஒரு திட்டத்துக்குப் பணம் கொடுத்தது. கட்டடம், ஆசிரியர் பயிற்சி என்று போனது. அடுத்து ஜேர்மனியின் ஜீ.டீ.இசட். நிறுவனத்தின் உதவியோடு பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி எழுந்தது. அங்கே வந்த ஜேர்மன்காரர்களின் பேர் நம் பிள்ளைகளுக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. அந்தக் கல்லூரியிலிருந்து வெளியேறிய தமிழ் ஆசிரியர்களின் பேர் தெரியும். ஊவாத் தோட்டப் பாடசாலைகளில் கற்பிப்பவர்களில் அங்கே படித்தவர்கள் எத்தனை பேர் என்று கையைத் தூக்குங்கள் பார்க்கலாம். ... போதும், போதும், இறக்குங்கள். இது ஒரு வெளிநாட்டு உதவி. முப்பது வருடமாக ஒவ்வொரு திங்கட்கிழமையும் பாடசாலைக்கு வந்துகொண்டிருக்கிறது.

இன்னொரு யோசனையும் நினைவிருக்கும். வே. இராதாகிருஷ்ணன் கல்வி இராஜாங்க அமைச்சராக இருந்தபோது, மலையகத்தின் கணித, விஞ்ஞான வெற்றிடங்களுக்கு இந்தியாவிலிருந்து ஆசிரியர்களைக் கொண்டுவரலாம் என்றார். ஆசிரியர் சங்கங்கள் எதிர்த்தன. நம் பட்டதாரிகள் வேலையில்லாமல் இருக்கும்போது வெளியாள் எதற்கு என்பது வாதம். வாதத்தில் நியாயம் இருந்தது. ஆனால் அன்று எட்டாம் தரத்தில் இருந்த பிள்ளைகள் நம் வாதம் முடியும்வரை எட்டாம் தரத்திலேயே காத்திருக்கவில்லை. வகுப்பெடுக்க அல்லாமல் நம்மவர்க்குப் பயிற்சி கொடுக்க இந்திய ஆசிரியர்களை அழைத்திருந்தால் இரண்டு தரப்பும் ஒத்துக்கொண்டிருக்கும் என்பது என் எண்ணம். சங்கத்து நண்பர்கள் கோபிக்க வேண்டாம். நானும் சந்தா கட்டியவன்தான்.

லண்டனிலும் டொரன்டோவிலும் இருந்து விடுமுறைக்கு ஊர் வந்திருக்கிற பழைய மாணவர்களே, உங்களிடம் நேரடியாகப் பேசுகிறேன். உங்களுக்கு இல்லிச் சொன்ன தடை கிடையாது. உங்களுக்குத் தமிழ் தெரியும்; கொச்சையாகத் தெரிந்தாலும் போதும், லயத்துத் தமிழும் யாழ்ப்பாணத்தார் காதுக்குக் கொச்சைதான். வருவதானால் தவணை நடக்கும்போது வாருங்கள். ஆகக் குறைந்தது ஒரு தவணை. அவ்வளவு லீவு கிடையாது என்றால் வராமலே செய்யக்கூடியது இருக்கிறது. பௌதிகவியல் பட்டம் பெற்ற ஒருவர், பசறையில் தனியாக உயர்தர வகுப்பை இழுத்துக்கொண்டிருக்கிற இளம் ஆசிரியையோடு வாரம் ஒருமுறை, சனிக்கிழமை இரவு, ஒரு மணி நேரம் இணையத்தில் பேசலாம். அடுத்த வாரப் பாடத்தில் அவருக்கு எது சிக்கல், எந்தச் செய்முறையைக் கருவியில்லாமல் காட்டலாம் என்று. வகுப்பில் நிற்பவர் அவர்தான். பிள்ளைகளுக்கு உங்கள் முகமே தெரியாது. இதற்கு உங்களில் எத்தனை பேர் தயார்? படம் போட முடியாத தொண்டுக்கு ஆள் கிடைப்பது கஷ்டம், எனக்குத் தெரியும்.

காசு கொடுக்க விரும்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கொப்பி, பென்சில் கொடுத்தது போதும். நம் டிவிஷன்களில் உயர்தரம் சித்தியடைந்து, பல்கலைக்கழக வெட்டுப்புள்ளியில் கொஞ்சத்தால் தவறி, கொழும்பில் துணிக்கடைக்குப் போகத் துணிப்பை கட்டிக்கொண்டிருக்கிற தங்கச்சிமார் இருக்கிறார்கள். அப்படி ஒருவருக்கு மரியாதையான சம்பளம் கொடுத்து, மாலையில் பிள்ளைக் காம்பராவிலோ கோயில் மடத்திலோ கணித வகுப்பு வைக்கச் சொல்லுங்கள். அவளுக்கு எந்தப் பிள்ளையின் தகப்பன் குடிக்கிறான், எந்த வீட்டில் மண்ணெண்ணெய் விளக்கு, யார் இன்றைக்குச் சாப்பிடாமல் வந்திருக்கிறார்கள் என்பதெல்லாம் தெரியும். அவள் விட்ட இடத்திலிருந்து அடுத்த நாள் தொடங்குவாள்.

அதிபர்களுக்கும் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். யார் வந்தாலும் வலயக் கல்விப் பணிமனையின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் வகுப்புக்குள் விடாதீர்கள். சுற்றுலா விசா கற்பிப்பதற்குத் தருவது இல்லை என்பதையும் வருகிறவருக்குச் சொல்லிவிடுங்கள். அவருடைய நாட்டுப் பொலிஸ் சான்றிதழைக் கேளுங்கள். நல்லவர் கோபிக்க மாட்டார். எந்தப் பிள்ளையோடும் தனியாக ஓர் அறையில் இருக்க இடம் கொடுக்காதீர்கள். பெற்றோர் ஒப்புதல் இல்லாமல் படம் எடுக்கக் கூடாது. அதிலும் வறுமையைத் தேடித் தேடி, கிழிந்த சட்டையைப் பார்த்து எடுக்கிற படம் வேண்டவே வேண்டாம். ஏதும் சந்தேகம் என்றால் சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கம் இருக்கிறது. பிள்ளைகளுக்கும் அதைச் சொல்லி வையுங்கள். வெள்ளைத் தோல் என்பதால் கேள்வி கேட்கக் கூசுகிற பழக்கம் நம்மில் இன்னும் இருக்கிறது. தலைத்துண்டு போய்விட்டது, அந்தக் கூச்சம் முழுக்கப் போகவில்லை.

வருகிறவர் மொழி தெரியாதவராக இருந்தால் என்ன செய்யலாம்? ஆங்கில ஆசிரியைக்குத் துணையாக உட்காரச் சொல்லுங்கள். நம் ஆங்கில ஆசிரியைகளில் பலர், வெளிநாட்டார் வந்த அன்று வகுப்பை ஒப்படைத்துவிட்டு ஆசிரியர் அறைக்குப் போய்விடுகிறார்கள். களைப்பு, எனக்குப் புரிகிறது. ஆனால் அன்றைக்குத்தான் நீங்கள் வகுப்பில் இருக்க வேண்டும். பேசிப் பழக உங்களுக்கு ஆள் கிடைத்திருக்கிறார். கேட்டல் பயிற்சிக்கு அவர் குரலைப் பதிவு செய்து வைத்துக்கொண்டால் அவர் போன பிறகும் பத்து வருடம் உதவும். ஒரு குறிப்பேடு போடுங்கள். இன்னார் வந்தார், இந்த அலகில் இந்தப் பக்கம் வரை நடந்தது என்று எழுதுங்கள். அடுத்தவர் வந்து நிறங்களிலிருந்து தொடங்கப் போனால் அந்தக் கொப்பியைக் கையில் கொடுங்கள்.

ஏற்பாட்டாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். இந்த வலயத்தின் கணித, விஞ்ஞான ஆசிரியர்கள் சிலர் முன்வரிசையில் இருக்கிறார்கள். பழைய மாணவர்களும் இருக்கிறீர்கள். வரும் தவணையில் எந்தத் தரத்துக்கு, எந்த அலகுக்கு, என்ன உதவி வேண்டும் என்று ஆசிரியர்கள் எழுந்து சொல்லட்டும். யாரால் எது முடியும் என்பதை ஏற்பாட்டாளர்கள் பேரோடு எழுதிக்கொள்ளட்டும். தேநீர் பிறகு. ஒலிவாங்கியை அந்தப் பக்கம் கொடுங்கள், தம்பி.